லாங்ஜிங் டீ: வாங்குவது முதல் மூன்றாவது கிளாஸ் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

"ஸ்ட்ராங்கா ஒரு டீ" என்று கேட்டுக் குடித்தே பழகிய நாக்குக்கு லாங்ஜிங் என்ற சீன கிரீன் டீயின் முதல் மிடறு பெரும்பாலும் ஏமாற்றமாகத்தான் இருக்கும். கிளாஸில் இருப்பது மஞ்சள் ஓடிய வெளிர்பச்சைத் தண்ணீர். கசப்பு தூக்கலாக இல்லை, மணமும் மூக்கைத் துளைக்கவில்லை. இதுக்கா இவ்வளவு விலை என்று தோன்றும். ஆனால் இந்த டீயின் ருசியில் பாதி, விழுங்கிய பிறகுதான் வருகிறது. நாமோ விழுங்கிய கையோடு அடுத்த வாய்க்குப் போய்விடுகிறோம். பழக வேண்டியது அந்த இடைவெளியைத்தான். மற்றபடி இதில் பெரிய கைத்திறன் எதுவும் வேண்டியதில்லை. சூட்டைக் கொஞ்சம் அடக்கத் தெரிந்தால் போதும்.

2023-ல் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்த ஹாங்சோ நகரம் நினைவிருக்கும். சீனாவின் ஜெஜியாங் மாகாணத் தலைநகரம். அதன் மேற்கு ஏரியைச் சுற்றியுள்ள சிறு குன்றுகளில்தான் லாங்ஜிங்கின் மூல ஊர்கள் இருக்கின்றன. ஷிஃபெங் எனும் சிங்கச் சிகரம், லாங்ஜிங் கிராமம், வெங்ஜியாஷான், மெய்ஜியாவூ, ஹுபாவ், யுன்ச்சி என்று பெயர்கள் நீளும். 2011-ல் யுனெஸ்கோ அந்த ஏரி நிலப்பரப்பை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது டீத் தோட்டங்களும் அதில் அடங்கின.

சிங் வம்சப் பேரரசர் சியான்லோங், 1751-க்கும் 1784-க்கும் இடையில் ஆறு முறை தெற்கே சுற்றுப்பயணம் வந்தவர். லாங்ஜிங் பகுதியில் ஹுகோங் கோயில் முன்னால் உள்ள 18 செடிகளை அவர் 'அரசச் செடிகள்' ஆக்கினார் என்று ஊரில் ஒரு கதை உண்டு. அங்கே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பேரரசர், தன் தாய்க்கு உடம்பு சரியில்லை என்ற செய்தி வந்ததும் பறித்ததைச் சட்டைக்கைக்குள் திணித்துக்கொண்டு கிளம்பினாராம். இலை அதில் நசுங்கித் தட்டையாகிவிட்டதாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் லாங்ஜிங்கைத் தட்டையாக்குவது வாணலி.

வாணலியில் நடப்பது

இதைத் தெரிந்துகொண்டால் பின்னால் வரும் படிகள் எல்லாம் தானாகப் புரியும். அதனால் இங்கே கொஞ்சம் நின்று போவோம்.

பறித்த கொழுந்து சும்மா கிடந்தால் அதிலுள்ள என்சைம்கள் வேலை செய்து இலை பழுப்பாகும். நன்றாகப் பழுப்பேற விட்டால் நாம் குடிக்கும் கறுப்பு டீ. கிரீன் டீக்கு அந்த என்சைம்களைச் சூட்டால் உடனே முடக்கிவிட வேண்டும். ஜப்பானில் பெரும்பாலும் ஆவியில் வேகவைத்து இதைச் செய்கிறார்கள். அதனால்தான் அவர்கள் டீயில் கடற்பாசி வாசமும் ஆழ்ந்த பச்சையும். சீனாவில் பெரும்பாலும் வாணலியில் வறுக்கிறார்கள். ஆவியில் வெந்த இலைக்கு வராத ஒரு வறுபட்ட வாசம் லாங்ஜிங்குக்கு வருவது இதனால்தான்.

பறித்த கொழுந்தை முதலில் மூங்கில் தட்டுகளில் மெல்லப் பரப்பி, சில மணி நேரம் வாடவிடுவார்கள். பச்சைப்புல் நெடி கொஞ்சம் அடங்கும். பிறகு வாணலி. இப்போது பெரும்பாலும் மின்சாரத்தில் சூடாகும் வாணலிதான். உள்பக்கம் இதற்கென்றே உள்ள தாவரக் கொழுப்பைத் துளி தடவி, கைப்பிடி அளவு கொழுந்தைப் போட்டு, வெறும் கையாலேயே வறுப்பார்கள். கரண்டியெல்லாம் கிடையாது. உதறுவது, பரத்துவது, தட்டுவது, அழுத்துவது, அள்ளுவது, தள்ளுவது, தேய்ப்பது என்று கைப்பாங்கு பத்து உண்டு. முதலில் உதறல்தான் அதிகம். ஈரம் ஆவியாக வெளியேற வேண்டும். இலை துவண்டதும் உள்ளங்கையால் வாணலிச் சுவரோடு சேர்த்து அழுத்தி இழுப்பார்கள். தட்டை வடிவம் பிறப்பது இங்கேதான். கால் மணி நேரத்துக்குள் முதல் வறுப்பு முடியும். எடுத்து ஆறவைத்து, நரம்பில் இருக்கும் ஈரம் இலை முழுக்கப் பரவ விட்டு, மறுபடி வாணலிக்குப் போகும். இரண்டாம் வறுப்பில் தேய்ப்பு அதிகம். இலைமேல் இருக்கும் நுண்ணிய பூஞ்சுணை உதிர்ந்து, இலை வழவழப்பாகிவிடும். நான்கு கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து போட்டால் ஒரு கிலோ டீ தேறும்.

இன்று சந்தைக்கு வரும் லாங்ஜிங்கில் பெரும்பகுதி இயந்திரத்தில் வறுத்தது, அல்லது பாதி இயந்திரம் பாதி கை. முழுக்கக் கைவறுப்புக்கு விலை தனி. இயந்திர வறுப்பு என்றாலே மட்டம் என்று நினைக்க வேண்டாம். மோசமான கைவறுப்பில் தீய்ந்த வாடை அடிக்கும், நல்ல இயந்திர வறுப்பு சுத்தமாக இருக்கும். சீனாவின் பாரம்பரிய டீ தயாரிப்பு முறைகளை யுனெஸ்கோ 2022-ல் கலாசார மரபுப் பட்டியலில் சேர்த்தது. லாங்ஜிங் வறுப்பும் அதில் ஒன்று.

படி 1: வாங்கும்போது கேட்க வேண்டிய மூன்று

எந்த ஊர்? 'லாங்ஜிங்' என்ற பெயர் ஜெஜியாங்கில் மூன்று வட்டாரங்களுக்கு உரியது: மேற்கு ஏரி, சியான்டாங், யுவேசோ. இதில் மேற்கு ஏரி வட்டாரம் 168 சதுர கிலோமீட்டர்தான்; விலையும் போலியும் அதற்குத்தான் அதிகம். அசல் பொட்டலத்தில் அடையாள ஒட்டுவில்லை இருக்கும். யுவேசோ வட்டாரத்தில் சின்சாங் பகுதியிலிருந்து வரும் 'தாஃபோ லாங்ஜிங்' அவ்வளவு பெயர் பெற்றதல்ல. ஆனால் முதன்முதலில் வாங்குபவருக்கு நான் சொல்வது அதைத்தான். பெயருக்குக் கொடுக்கும் காசு மிச்சம், நாக்குக்கும் பெரிய நஷ்டமில்லை.

எப்போது பறித்தது? ஏப்ரல் 4 அல்லது 5-ல் வரும் சிங்மிங் நாளுக்கு முன் பறித்தது முதல் தரம். அதன்பின் ஏப்ரல் 20 வாக்கில் வரும் குயூ நாளுக்குள் பறித்தது அடுத்தது. குளிர்காலம் முழுக்க வேரில் சேர்ந்த தியானின் என்ற அமினோ அமிலம், வசந்தத்தின் முதல் துளிர்களில் நிறைந்திருக்கும். நாவில் இனிப்பும் குழைவுமாக உணர்வது அதைத்தான். வெயில் ஏற ஏறத் தியானின் குறைந்து, துவர்ப்புத் தரும் கேட்டச்சின்கள் கூடும். அதற்காக எல்லோரும் சிங்மிங்குக்கு முந்தையதைத்தான் வாங்க வேண்டும் என்றில்லை. அது மிக மென்மையானது. புதிதாகக் குடிப்பவருக்கு வெந்நீர் மாதிரியே இருக்கும். குயூவுக்கு முந்தைய இலையில் அடர்த்தி இருக்கிறது, ருசி இருக்கிறது, விலையும் இறங்கியிருக்கும். என் ஓட்டு அதற்கே.

எந்தச் செடி? விதையிலிருந்து வளர்ந்த பழைய நாட்டு ரகம் ஒன்று, 'லாங்ஜிங் 43' என்ற தேர்ந்தெடுத்த ரகம் ஒன்று. பின்னது ஹாங்சோவிலேயே இருக்கும் டீ ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியது. 1987-ல் தேசிய அங்கீகாரம் பெற்றது. நாட்டு ரகத்தைவிட ஒரு வாரம் பத்து நாள் முந்தித் துளிர்க்கும், கொழுந்து ஒரே சீராக இருக்கும். அதனால் விவசாயிக்கு அது லாபம். நாட்டு ரகத்தில் செடிக்குச் செடி வேறுபாடு இருப்பதால் கொழுந்தும் பெரிதும் சிறிதுமாகக் கலந்திருக்கும், மணமும் ஒரே மாதிரி இராது. குடித்துப் பழகியவர்கள் தேடுவது இதை. முதல் பொட்டலத்துக்கு 43 போதும்.

படி 2: காய்ந்த இலையைப் பார்த்து, முகர்ந்து

வெள்ளைக் காகிதத்தில் ஒரு கிள்ளு கொட்டிப் பாருங்கள். தட்டையாக, வழவழப்பாக, இரு முனையும் கூர்ந்து இருக்க வேண்டும். பசேலென்று ஒரே நிறமாக மின்னினால் எனக்குச் சந்தேகம்தான் வரும். நல்ல லாங்ஜிங்கின் பச்சையில் ஒரு மஞ்சள் சாயை கலந்திருக்கும். ஹாங்சோக்காரர்கள் அதைத் தீட்டாத அரிசியின் நிறம் என்பார்கள். இலைகளுக்கு நடுவே மிகச்சிறிய, வெளிர்நிறப் பஞ்சு உருண்டைகள் ஒன்றிரண்டு தெரியலாம். பூசணம் என்று பயந்து கொட்டிவிட வேண்டாம். இரண்டாம் வறுப்பில் தேய்ந்து உதிர்ந்த பூஞ்சுணைதான் அப்படித் திரண்டிருக்கிறது.

ஓர் இலையை விரலிடையில் நெரித்தால் 'பொடக்'கென்று உடைய வேண்டும். வளைந்தால் ஈரம் ஏறிவிட்டது. மணத்தில் வறுத்த கொட்டையின் சாயலும் அடியில் ஒரு பசுமையும் இருந்தால் சரி. புகை, எண்ணெய்ச் சிக்கு, பழைய வைக்கோல் வாடை எதுவும் கூடாது.

படி 3: தண்ணீர்

ஹாங்சோவில் லாங்ஜிங் டீயையும் ஹுபாவ் ஊற்றுநீரையும் ஜோடியாகத்தான் சொல்வார்கள். அந்த ஊற்று குவார்ட்ஸ் மணற்பாறைக்குள்ளிருந்து கசிவது, தாதுக்கள் குறைவு. விஷயம் அவ்வளவுதான்: உப்புத்தன்மை இல்லாத, மென்மையான தண்ணீர். சென்னை போர்வெல் தண்ணீரில் போட்டால் எந்த ஊர் லாங்ஜிங்கும் மங்கிப்போய், மேலே ஆடை படியும். ஆர்.ஓ. தண்ணீர் அல்லது தாது குறைந்த கேன் தண்ணீர் போதும்.

சூடு 80 முதல் 85 டிகிரி. கொதிநீரில் கேட்டச்சின்களும் கஃபீனும் வேகமாக இறங்கி, கசப்பும் துவர்ப்பும் தியானினின் இனிமையை மூடிவிடும். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் கவலையில்லை, நமக்கு ஆற்றத் தெரியுமே. கொதித்த தண்ணீரைச் சூடு செய்யாத ஒரு பாத்திரத்துக்கு மாற்றினால் பத்து டிகிரி அளவுக்கு இறங்கும். இரண்டு முறை மாற்றினால் சரியான சூட்டுக்கு வந்துவிடும்.

இங்கே ஒரு தொழில் ரகசியம். டீயைத் தரம் பார்ப்பவர்கள் 3 கிராம் இலையைக் கொதிக்கும் 150 மில்லி தண்ணீரில் 4 நிமிடம் ஊறவைத்துத்தான் சுவைக்கிறார்கள். வேண்டுமென்றேதான்: குறை இருந்தால் அந்தச் சூட்டில் மறைய முடியாது. விலை கொடுத்து வாங்கியது தேறுமா என்று சந்தேகம் இருந்தால் ஒரே ஒருமுறை அப்படிப் போட்டுப் பாருங்கள். நல்ல இலை கொதிநீரிலும் கடுக்கும், ஆனால் அருவருப்பாகக் கசக்காது.

படி 4: கிளாஸும் அளவும்

சீனாவில் லாங்ஜிங்குக்குப் பிடித்தமான பாத்திரம் சாதாரண உயரக் கண்ணாடி கிளாஸ். களிமண் டீபாட் சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு இலையை வேகவைத்துவிடும், அழகையும் மறைத்துவிடும். ஸ்டீல் டம்ளர் உதட்டைச் சுடும். நம் டீக்கடை கிளாஸ் போலச் சற்றே பெரிதாக, 200 மில்லி பிடிக்கும் கண்ணாடி கிளாஸ் கச்சிதம். இலை 3 கிராம். லாங்ஜிங் தட்டையாக, இலேசாக இருப்பதால் ஸ்பூன் அளவு ஏமாற்றும்; முதல் தடவையாவது எடை பார்த்துவிடுங்கள்.

படி 5: ஊற்றுவது

1. கிளாஸில் வெந்நீர் விட்டுச் சுழற்றிக் கொட்டிவிடுங்கள்.

2. சூடான வெறும் கிளாஸில் இலையைப் போட்டு ஒரு குலுக்குக் குலுக்கி முகருங்கள். காய்ந்த இலையில் ஒளிந்திருந்த வாசம் இப்போதுதான் எழும். சில நாட்களில் எனக்கு டீயைவிட இந்த நொடிதான் பிடித்திருக்கிறது.

3. கிளாஸில் கால் பாகம் மட்டும் தண்ணீர் விட்டு, மெல்லச் சுழற்றி, அரை நிமிடம் விடுங்கள். இலை ஈரம் உறிஞ்சிக்கொள்ளும். இந்தத் தண்ணீரைக் கொட்ட வேண்டாம். 'முதல் தண்ணீரைக் கழுவி ஊற்று' என்ற யோசனை லாங்ஜிங்குக்குப் பொருந்தாது. முதல் துளிகளில்தான் நல்லது அதிகம்.

4. கொஞ்சம் உயரத்திலிருந்து, கிளாஸின் சுவரோரமாக, முக்கால் கிளாஸ் வரை மீதியை ஊற்றுங்கள். மூட வேண்டாம், மூடினால் புழுங்கி மஞ்சளாகும்.

இப்போது கிளாஸைப் பாருங்கள். இலைகள் முதலில் மேலே மிதக்கும். ஒரு நிமிடத்தில் ஒவ்வொன்றாக நிமிர்ந்து, காம்பு கீழாக நின்று, மெல்ல இறங்கத் தொடங்கும். நடுவில் ஊசி போன்ற மொட்டு, பக்கத்தில் விரியும் ஒற்றை இலை. சீனர்கள் இதை 'ஒரு ஈட்டி, ஒரு கொடி' என்று சொல்வார்கள். நாலைந்து சிறு துண்டுகள் மட்டும் உதிரியாகச் சுற்றினால் பரவாயில்லை. பாதி கிளாஸ் நொறுங்கலாக இருந்தால் விற்றவர் பொட்டலத்தின் அடியைத் தள்ளிவிட்டிருக்கிறார்.

படி 6: குடிப்பது

ஊற்றி இரண்டு நிமிடம் கழித்துத் தொடங்கலாம். மேலே மிதக்கும் இலையை ஊதித் தள்ளிவிட்டு, சிறு வாயாக எடுங்கள். உடனே விழுங்காமல் நாக்கின் மேல் ஒருமுறை உருட்டுங்கள்.

சூடாக இருக்கும்போது வாசம் முந்தும்: வறுத்த செஸ்நட், அதன் பின்னால் வேகவைத்த பச்சைப் பட்டாணி. நாக்கில் முதலில் ஒரு மெல்லிய இனிப்பு, பிறகு சூப் குடித்தது போன்ற நிறைவு. அது தியானின் வேலை. கன்னங்களின் உட்புறம் லேசாகப் பிடிக்கும் துவர்ப்பு கேட்டச்சின். இந்தத் துவர்ப்பைக் குறை என்று நினைக்காதீர்கள். விழுங்கிவிட்டு, வாயை மூடி, மூக்கால் மெல்ல மூச்சு விடுங்கள். நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் இனிக்குமே, அதுபோல அடித்தொண்டையிலிருந்து ஓர் இனிப்பு ஏறி வரும். நெல்லியில் அது பளிச்சென்று இருக்கும். இதில் தாமதமாக வந்து, நீண்ட நேரம் நிற்கும். நல்ல லாங்ஜிங்குக்கும் சுமாரானதுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இந்தப் பின்னினிப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதுதான். முதல் வாயின் ருசியில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே தெரியும்.

வெதுவெதுப்பாகும்போது பட்டாணி பின்வாங்கி, பூ வாசம் ஒன்று தலைகாட்டும். எல்லா இலையிலும் வராது. வந்தால் அதிர்ஷ்டம்.

சர்க்கரை, தேன், எலுமிச்சை எதுவும் வேண்டாம். எடை குறையும் என்று காலையில் வெறும் வயிற்றில் குடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கிரீன் டீ வெறும் வயிற்றில் சிலருக்குக் குமட்டும். மருந்தாகக் குடிக்க இதைவிட மலிவான டீ நிறைய உண்டு.

படி 7: இரண்டாவது, மூன்றாவது கிளாஸ்

கிளாஸை ஒட்டக் குடித்துவிட்டு மறுபடி ஊற்றினால் அடுத்த சுற்று சப்பென்று இருக்கும். மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருக்கும்போதே அடுத்த தண்ணீரை விடுங்கள், செறிவு அறுந்துபோகாது. இரண்டாம் தண்ணீர் முதலைவிடச் சற்றுச் சூடாக இருக்கலாம். பலருக்கும் மிகவும் பிடிப்பது இந்த இரண்டாவதுதான்: இலை முழுதாக விரிந்து, இனிப்பும் துவர்ப்பும் சமமாக நிற்கும் கட்டம். மூன்றாவதில் ருசி மெலியும், பின்னினிப்பு மட்டும் இருக்கும். நான்காவது வெறும் வெந்நீர். அங்கே நிறுத்திக்கொள்ளலாம்.

சரியாக வரவில்லையா?

கசந்தால் சூட்டைக் குறையுங்கள், இலையைக் குறைக்காதீர்கள். சப்பென்று இருந்தால் இலை போதவில்லை, அல்லது போன வருடத்து இலை. சாறு பழுப்போடினால் தண்ணீர் உப்பு, அல்லது நேரம் அதிகம். அடிப்பிடித்த வாடை வந்தால் வறுப்பிலேயே கோளாறு. நீங்கள் செய்ய ஒன்றுமில்லை.

கூட என்ன சாப்பிடலாம்

காரமாகச் சாப்பிட்டு அரை மணிக்குள் குடித்தால் காசு வீண், நாக்குக்கு எதுவும் தெரியாது. மெய்ஜியாவூ பக்கம் விவசாயிகள் வீட்டு முற்றத்தில் விருந்தினருக்கு டீயோடு உப்பிட்ட சூரியகாந்தி விதை வைப்பார்கள். கொரிக்கவும் பேசவும் தோது. ஹாங்சோவின் பெயர்போன உணவு ஒன்றில் டீயே சமையலுக்குள் போகிறது. ஆற்று இறாலை உரித்து, முட்டை வெள்ளைக்கருவும் ஸ்டார்ச்சும் பூசி, எண்ணெயில் ஒரு புரட்டு புரட்டி, ஊறிய லாங்ஜிங் இலையையும் அதன் சாற்றையும் விட்டு இறக்குவார்கள். வெள்ளை இறால்மேல் பச்சைக் கொழுந்து. மசாலா கிடையாது. வீட்டில் செய்து பார்க்க விரும்பினால் புத்தம்புதிய சிறு இறாலாக இருக்க வேண்டும். ஃப்ரீசர் இறாலின் வாடையை மறைக்க இதில் எதுவுமில்லை.

பத்திரப்படுத்துவது

ஈரம், வெளிச்சம், சூடு, பிற வாடை நான்குமே இதற்குப் பகை. ஹாங்சோவில் பழைய முறைப்படி, காகிதத்தில் பொதிந்த டீயை மண்ஜாடியில் சுட்ட சுண்ணாம்புத் துண்டுகளோடு சில வாரம் வைப்பார்கள். சுண்ணாம்பு ஈரத்தை இழுத்துக்கொள்ள, புதிதாக வறுத்த முரட்டு நெடி அடங்கி மணம் கூடிவரும். நம் வீட்டில் காற்றுப்புகாத அலுமினியப் பையில் சிறு சிறு பொட்டலமாகப் பிரித்து, ஃப்ரிட்ஜில் வைத்தால் போதும். மல்லித்தழை, மீன் பக்கத்தில் வேண்டாம். வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள்; குளிர்ந்த பையைத் திறந்தால் இலைமேல் ஈரம் படியும். அறைச்சூட்டுக்கு வரட்டும். ஒருமுறை திறந்த பையை மறுபடி ஃப்ரிட்ஜுக்கு அனுப்பாமல் மூன்று நான்கு வாரத்தில் முடித்துவிடுங்கள். அதனால்தான் முதல் முறை 50 கிராமுக்கு மேல் வாங்க வேண்டாம் என்கிறேன். அதிலேயே பதினாறு தடவை போடலாம். மே, ஜூன் மாதங்களில் வாங்கினால் அந்த வருட வசந்த இலை கிடைக்கும். கடைக்காரர் ஜனவரியில் 'புது சரக்கு' என்று சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.